லிபியாவின் குதிகால்

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு உலர்திராட்சை. ஆளுக்கு ஒன்று. ஹெச்.ஆர். எபினேசர் சார் தன் கையாலேயே காகிதக் கப்புகளில் போட்டு, கேன்டீன் மேசைகளில் வரிசையாக வைத்திருந்தார். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயரிங் செய்து அனுப்பும் அந்தத் தொழிற்சாலையில், அன்று முதல் ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு. அதை நடத்த பெங்களூரிலிருந்து சத்யப்ரியா என்ற பெண் வந்திருந்தாள். கண்ணாடி போட்ட, ஒல்லியான, சிரித்த முகப் பெண்.

அவள் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் அந்தத் திராட்சையை எடுத்து உள்ளங்கையில வச்சுக்குங்க. அவசரப்படாம..." என்று தொடங்கினாள்.

அந்த "அவசரப்படாம" வந்து சேர்வதற்குள் முந்நூற்றுப் பதினோரு வாய்கள் அசைந்து ஓய்ந்துவிட்டன. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர்கள் முன்னால் ஒரு திராட்சையை வைத்துவிட்டு அவசரப்படாதே என்றால் யார் கேட்பார்கள்? பின்வரிசையில் ஒருவர் இரண்டாவது கப் எங்கேயாவது இருக்கிறதா என்று மேசைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

பிழைத்தது ஒரே ஒரு திராட்சை. மூன்றாம் லைனில் வேலை பார்க்கும் லிபியாவின் உள்ளங்கையில் அது அமைதியாக வீற்றிருந்தது. லிபியா அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. உதட்டில் மெல்லிய சிரிப்பு.

சத்யப்ரியா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "நோடி! எல்லாரும் இவங்களைப் பாருங்க! இதுதான்! நான் ஒரு மணி நேரம் பேசி விளக்க வேண்டியதை இவங்க சும்மா உட்கார்ந்தே காட்டிட்டாங்க!" என்று கை தட்டினாள். கேன்டீன் முழுக்கக் கை தட்டியது.

அந்தச் சத்தத்தில்தான் லிபியா திரும்பி வந்தாள். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு கலங்கரை விளக்கத்திலிருந்து என்று சொல்லியிருப்பாள். அதன் நூற்று நாற்பதாவது படியில் நின்று, கீழே உறைந்து கிடக்கும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திராட்சை என்று ஒன்று தன் கையில் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை எபினேசர் சார் அவள் சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திவிட்டார். பச்சை வட்டம், நடுவில் தாமரை, சுற்றிலும் "மைண்ட்ஃபுல்னஸ் சாம்பியன்" என்ற எழுத்து. இனி தினமும் காலை ஆறு மணிக்கு லைன் ஓடத் தொடங்கும் முன், மூன்றாம் லைனின் நாற்பது பேருக்கும் ஒரு நிமிட அமைதியை நடத்த வேண்டியது அவள் பொறுப்பு.

அவளுடன் மத்திகிரியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் வினிதா, திருநெல்வேலிக்காரி, அந்தப் பேட்ஜைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, போன மாசம் பல்லுல ஷாம்பு போட்டுத் தேச்சவ நீ. உனக்கா சாம்பியன்? கம்பெனி உருப்பட்ட மாதிரிதான்."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவரு கேக்கல."

"நீ சொன்னியா, சொன்னதா நெனச்சுக்கிட்டியா?"

லிபியா யோசித்துப் பார்த்தாள். நிச்சயமாகத் தெரியவில்லை.

உண்மையில் லிபியாவுக்கு வேண்டியது பேட்ஜ் இல்லை. அவளுக்கு வேண்டியது ஃபோர்க்லிஃப்ட்.

மூன்று வருடமாக அவள் லைனில் நிற்கிறாள். வயர் அவளிடம் வரும், அவள் ஒரு கிளிப்பைப் போடுவாள், வயர் போய்விடும். அந்தக் கட்டடத்துக்குள் எல்லாமே எங்கேயாவது போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் அதே மஞ்சள் கட்டத்துக்குள் நின்றாள். அப்போதெல்லாம் கிடங்குப் பக்கத்திலிருந்து அந்தச் சிவப்பு வண்டி, பாம்பு நாக்கு மாதிரி இரண்டு இரும்புக் கரங்களை நீட்டிக்கொண்டு, பின்னால் வரும்போது பீப் பீப் என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு, ஒரு யானை தூக்குகிற சுமையை ஒரு டம்ளர் காப்பியைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போகும். லிபியாவின் மனசும் பின்னாலேயே போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் விருப்பப்பட்டவர்களுக்கு ஒரு மணி நேரம் ஓட்டப் பழக்கிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். எட்டு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் போனாள். கை நன்றாகவே படிந்தது. கிடங்கில் ஒரே ஓர் ஆபரேட்டர் இடம் காலியானது. லைனில் அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அந்த இடம் கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாகரசம்பட்டி போக வேண்டியதுதான். அங்கே அப்பா சிங்கராயர் மாங்கூழ் ஆலையில் அவளுக்காகச் சொல்லி வைத்துவிட்டார். அங்கேயும் ஒரு லைன் உண்டு. வயருக்குப் பதிலாக மாங்கொட்டை வரும்.

தேர்வுக்கு இரண்டு வாய்ப்புகள். முதல் வாய்ப்பு திராட்சைக்கு ஒரு வாரம் முன்பே போய்விட்டது. அது போன விதத்தைத் தொழிற்சாலையில் இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்று லிபியா சுமையை அழகாக எடுத்தாள். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து அற்புதமாக ஓட்டினாள். அடுக்க வேண்டிய ரேக் வந்தது. அதையும் அற்புதமாகக் கடந்து போனாள். திறந்திருந்த ஷட்டர் வழியாக வெளியே வந்து, லாரிகள் நிற்கும் முற்றத்தைத் தாண்டி, தலை நிமிர்ந்து மெயின் கேட்டை நோக்கிப் போனாள். அவள் அப்போது ஒரு கப்பலின் தலைமை மாலுமி, பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது, கரை தெரிந்தது. செக்யூரிட்டி அவள் முகத்தில் இருந்த தீர்மானத்தைப் பார்த்து, ஏதோ மேலிடத்து உத்தரவு என்று நினைத்து, சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கிவிட்டார்.

கிடங்குப் பொறுப்பாளர் சென்னகிருஷ்ணன் பேனாவும் அட்டையுமாகப் பின்னால் ஓடிவந்து கேட்டுக்கு வெளியேதான் அவளைப் பிடித்தார். குருபரப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு, மூச்சு வாங்கினால் எல்லா மொழியும் கலந்து வரும்.

"ஏமம்மா! எங்க போய்க்கினு இருக்கற? பெங்களூருக்கா? அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுல பர்மிட் கேப்பான், வச்சிருக்கறியா?"

"சாரி சார்."

"சாரியாம். ரேக்கு அங்க இருக்குது, நீ இங்க இருக்கற. ஒரு சான்ஸு போச்சு. இன்னும் ஒன்னுதான். அதுக்குள்ள மண்டையக் கழுத்து மேல மாட்டிக்கினு வா."

இதுதான் லிபியாவின் கதை. அப்படிப்பட்டவள்தான் இப்போது சாம்பியன்.

முதல் இரண்டு நாள் ஒரு நிமிட அமைதி நல்லபடியாகவே நடந்தது. "கண்ண மூடுங்க. மூச்சக் கவனிங்க" என்பாள். கடிகாரத்தைப் பார்ப்பாள். "தொறங்க" என்பாள். மூன்றாம் நாள் "கண்ண மூடுங்க" என்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கடிகாரத்தின் வட்ட முகம் ஒரு ரயில் நிலையத்துக் கடிகாரம் ஆனது. ரயில் நிலையத்தில் பனி பெய்தது. நடைமேடையில் ஓவர்கோட் போட்ட ஒருவன் கையில் கூண்டுக்கிளியோடு நின்றான். கிளி எதற்கு என்று அவள் விசாரித்துக்கொண்டிருந்தபோது ஏழு நிமிடம் ஓடிவிட்டது.

அந்த ஏழு நிமிடமும் நாற்பது பேரும் அசையவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து, டிபன் கட்டி, பஸ் பிடித்து வந்தவர்கள். நின்றபடியே தூங்க முடியும் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஓர் அக்கா குறட்டையே விட்டார்.

அங்கே கிடங்கில் லாரி காத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் லைனிலிருந்து பெட்டி வரவில்லையே என்று ஓடிவந்த சென்னகிருஷ்ணன், அந்த நிசப்தத்தைப் பார்த்து ஒரு கணம் கரன்ட் போய்விட்டதோ என்று மேலே விளக்கைப் பார்த்தார். பிறகு நடுவில் நின்ற பச்சைப் பேட்ஜைப் பார்த்தார்.

"அய்யோ ராமா! இவதானா?"

நாற்பது பேரும் விழித்தார்கள். யாரோ "இன்னும் ரெண்டு நிமிசம் சார்" என்று முனகினார்கள்.

"என்னா ரெண்டு நிமிசம்? லாரிக்காரன் என் தலமேல ஏறி உக்காந்துக்கினு இருக்கறான்! ஏம்மா, நீ ஒருத்தி போறது பத்தாதுன்னு லைனையே கூட்டிக்கினு போறியா?" அட்டையில் எதையோ அழுத்தி எழுதினார். "மாசக் கடைசிக்கு முன்னால உன் டெஸ்ட்டு வருதில்ல? இந்தச் சனிக்கெழமைக்கு அடுத்த சனிக்கெழம. நானே நிப்பேன். பாத்துக்கலாம்."

அன்று இடைவேளையில் லிபியா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், பேட்ஜோடு கொடுத்த அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

"மேடம், நான் சாம்பியன் பேசறேன். இல்ல, சாம்பியன் இல்ல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அன்னிக்கு நான் திராட்சையைப் பாக்கவே இல்ல மேடம். நான் கலங்கரை விளக்கத்துல இருந்தேன்."

மறுமுனையில் ஹாரன் சத்தம். சத்யப்ரியா எங்கோ பாலத்தடியில் போக்குவரத்தில் மாட்டியிருந்தாள் போல. யாரோ ஒரு லாரிக்காரரைக் கன்னடத்தில் மூன்று தலைமுறைக்குச் சேர்த்துத் திட்டிவிட்டு, "சாரி, சாரி. நீங்க சொல்லுங்க. எங்க இருந்தீங்க?" என்றாள்.

லிபியா எல்லாவற்றையும் சொன்னாள். கலங்கரை விளக்கம், கப்பல், கேட், கிளி, ஏழு நிமிடம். சத்யப்ரியா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள்.

"மேடம், எனக்கு ஃபோர்க்லிஃப்ட் வேணும். மனசு அலையாம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"அது இல்லீங்க. யாருக்குமே இல்ல. மனசு போகும். இப்பப் பாத்தீங்கல்ல, நான் அந்த லாரிக்காரன் கூடப் போயிட்டேன்." ஹாரன். "சரி, நீங்க கலங்கரை விளக்கத்துல இருந்தது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"எல்லாரும் கை தட்டினப்ப."

"அது திரும்பி வந்த நேரம். கிளம்பின நேரம் எப்ப?"

"அது தெரியல மேடம்."

"அதை மட்டும் பாருங்க. தடுக்க வேண்டாம், திட்ட வேண்டாம். கிளம்பும்போது உடம்புல எங்கேயாவது ஒரு சின்ன விஷயம் நடக்கும். ஒருத்தருக்குப் புருவம், ஒருத்தருக்குத் தோள். நான் பல்லைக் கடிப்பேன். உங்களுக்கு என்னன்னு கண்டுபிடிங்க. அந்தத் திராட்சை இன்னும் இருக்கா?"

லிபியா ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். இருந்தது. கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அதை மெதுவா சாப்பிட்டுப் பாருங்க" என்றாள் சத்யப்ரியா. பிறகு மறுபடியும் கன்னடம், இணைப்பு அறுந்தது.

அன்று மாலை மத்திகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை போகும் பஸ்ஸில் லிபியாவுக்கும் வினிதாவுக்கும் கடைசி சீட் கிடைத்தது. லிபியா திராட்சையை ஊதித் துடைத்து வாயில் வைத்தாள். மெல்லவில்லை. நாக்கால் புரட்டினாள். சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. பஞ்சு. தோல் மெல்ல இளகியது. ஓர் ஓரத்தில் மட்டும் புளிப்பு; அதற்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதுபோல, இனிப்பு.

"ஏட்டி, என்ன வாயில? சூயிங்கமா? எனக்கு எங்க?"

லிபியா பேசாதே என்று கை காட்டினாள்.

"ஒத்தத் திராட்சைய ஓசூர்ல இருந்து மத்திகிரி வரைக்கும் திங்கிற ஆளு நீ ஒருத்திதாம்ட்டி."

ஜன்னலுக்கு வெளியே மாட்டுப் பண்ணையின் நீண்ட சுவர் ஓடத் தொடங்கியது. சுவர் நீளமாக இருந்தது. இவ்வளவு நீளமான சுவருக்குப் பின்னால் ஒரு கோட்டை இருக்க வேண்டும். கோட்டைக்குள் தூங்கும் ஒரு...

டப்.

ஓட்டுநர் பிரேக் போட்டார். லிபியாவின் வலது கால் செருப்பு குதிகாலிலிருந்து நழுவி, பஸ்ஸின் நடுவே வழுக்கிக்கொண்டு, கூடைக்காரம்மாவைத் தாண்டி, கண்டக்டரின் கால்களுக்கிடையே புகுந்து, ஓட்டுநர் பக்கமாகப் போய்ச் சேர்ந்தது.

"யாருதுப்பா ஒத்தச் செருப்பு? டிக்கெட் வாங்கிச்சா?" என்று கண்டக்டர் கத்தினார்.

லிபியா எழுந்திருக்கவில்லை. அவள் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நின்றது. காலின் முன்பகுதி தரையை அழுத்திக்கொண்டிருந்தது, எட்டிப் பார்க்கும் குழந்தையின் கால் மாதிரி.

"வினிதா! என் குதிகால்!"

"அடிபட்டுட்டா?"

"இல்லடி. அது கிளம்புது! நான் கிளம்பறப்ப அதுதான் முதல்ல கிளம்புது! ஃபோர்க்லிஃப்ட்ல ஆக்சிலேட்டர்ல இருக்கறது இதே கால்தான். குதிகால் தூக்கினா முன்கால் அமுங்கும். முன்கால் அமுங்கினா வண்டி போகும். கப்பல் நான் ஓட்டல வினிதா, என் குதிகால் ஓட்டிச்சு!"

பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். லிபியா ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே முன்னால் ஓடினாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு செருப்பை யாரும் வாங்கிக்கொண்டதில்லை என்று கண்டக்டர் பிறகு ஓட்டுநரிடம் சொன்னார்.

அடுத்த பத்து நாட்களும் லிபியா ஒரு புதிய நாட்டில் வாழ்ந்தாள். அந்த நாட்டின் பெயர் வலது கால். லைனில் கிளிப் போடும்போது குதிகால் எழும்பும், அவள் பார்ப்பாள், "ஓ, கிளம்பியாச்சா" என்பாள், மெதுவாகக் கீழே வைப்பாள். சாப்பாட்டு வரிசையில் எழும்பும், வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கத்தின்போது பதினான்கு முறை எழும்பியது. பதினான்கு முறையும் வைத்தாள். முதல் நாள் கணக்கில் மொத்தம் அறுபத்து நான்கு புறப்பாடு. வியந்துபோனாள். இத்தனை வருடமும் தினமும் அறுபத்து நான்கு ஊர் போய் வந்திருக்கிறாள், ஒன்றிலிருந்துகூட ஒரு பொட்டலம் அல்வா வாங்கி வந்ததில்லை!

கனவுகள் குறையவில்லை. அதுதான் வேடிக்கை. பனி பெய்தது, கப்பல் வந்தது, கிளிக்காரன் கையை ஆட்டினான். ஆனால் இப்போது கிளம்புகிற கணத்தில் வாசலில் ஒருத்தி நின்றாள். "எங்கே?" என்று கேட்டாள். தடுக்கவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். கேட்டதும் பெரும்பாலான பயணங்கள் வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டன.

காலை ஒரு நிமிடமும் மாறியது. கண்ணை மூடச் சொல்வதை நிறுத்திவிட்டாள். "குதிகால் ரெண்டும் தரையில இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது பேரும் குனிந்து பார்த்தார்கள். யாருடையது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதிலேயே நிமிடம் முடிந்தது. குறட்டை அக்கா, "இத்தினி வருசமா என் ஒடம்பு பூரா இடது கால்லதான் நின்னுக்கினு இருந்துச்சா? அதான் இடுப்பு வலியா?" என்று ஆச்சரியப்பட்டார். மூன்றாம் நாளே அது தொழிற்சாலைக்குள் வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. கேன்டீனில் எதிர்ப்படுகிறவர்கள், "என்னாப்பா, குதிகால் தரையிலயா?" என்று விசாரித்தார்கள். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் எட்சன், அந்த ஆபரேட்டர் இடத்துக்கு அவளோடு போட்டி போடுகிறவன், அவளைப் பார்க்கும்போதெல்லாம் நுனிக்காலில் நடந்து காட்டினான்.

"எட்சா, சிரிக்காத. உனக்கும் ஒன்னு இருக்கும். தேடிப் பாரு."

"எனக்கு எங்கியும் போற பழக்கமில்ல தாயே. நான் இருக்கற எடத்துலயே வேகமாப் போவேன்."

சனிக்கிழமை வந்தது. காலை பத்து மணி. கிடங்கின் தரையில் மஞ்சள் கோடுகள், கோடுகளுக்கிடையே ஆரஞ்சுக் கூம்புகள், கடைசியில் இரண்டடுக்கு ரேக். வண்டியின் கரங்கள் தூக்க வேண்டிய மரச் சுமை மேடையின்மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் விளிம்பு தளும்பத் தண்ணீர். சுமையை எடுத்து, வளைந்து போய், மேலடுக்கில் வைத்து, மறுபடி இறக்கி, திரும்பி வர வேண்டும். எட்டு நிமிடம். டம்ளரில் ஒரு விரல் தண்ணீருக்குமேல் குறைந்தால் தோல்வி. இந்த டம்ளர் சென்னகிருஷ்ணனின் சொந்த ஏற்பாடு. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார், அடியில் அவர் மனைவி வெங்கடம்மாளின் பெயர் வெட்டியிருந்தது.

"வெங்கடம்மா டம்ளர நசுக்கினீங்கன்னா நான் வீட்டுக்குப் போவ முடியாது. பாத்து."

எட்சன் முதலில் ஏறினான். ஐந்து நிமிடம் பத்து நொடி. புயல். கூட்டம் விசிலடித்தது. இறங்கி, தலையைக் கோதிக்கொண்டு டம்ளரைப் பார்த்தான். கால் டம்ளர் தண்ணீர் சுமை மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. விசில் பாதியில் நின்றது.

"வேகமாத்தான் போன. தண்ணிதான் கூட வரல" என்றார் சென்னகிருஷ்ணன்.

லிபியா ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். பெடலை மிதிக்கும் முன் வலது குதிகாலைத் தரைத்தகட்டில் பதித்தாள். தகடு குளிர்ச்சியாக, லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

சுமை எழுந்தது. டம்ளர் தண்ணீர் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. முதல் கூம்பு. இரண்டாவது. குதிகால் தரையில். மூன்றாவதில் திரும்பும்போது கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயில் தண்ணீரில் பட்டு, ஒரு வெள்ளி வட்டம் கிடங்கின் சுவரில் ஏறி ஓடியது. என்ன அழகு! கலங்கரை விளக்கத்தின் ஒளி இப்படித்தான் கடல்மேல் சுற்றும். அதோ படிகள், அதோ உறைந்த...

குதிகால் எழுந்தது.

அவள் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. "வந்தியா, வா" என்றாள். கீழே வைத்தாள். வண்டியின் வேகம் தணிந்தது. வெளிச்சம் சுவரில்தான் இன்னமும் ஓடியது. அது வெறும் வெளிச்சமாகவே அழகாக இருந்தது.

ரேக். தூக்கினாள், வைத்தாள், கரங்களை உருவினாள், மறுபடி நுழைத்து எடுத்தாள். சென்னகிருஷ்ணன் தன்னையறியாமல் இரண்டு குதிகாலையும் தரையில் அழுத்திக்கொண்டு நின்றார்.

திரும்பும் பாதையில்தான் எபினேசர் சார் வந்தார். தன் சாம்பியனை வீடியோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சூப்பர், சூப்பர், முகத்தில அந்த அமைதி இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து, ஒரு கூம்பைத் தட்டிவிட்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி, நேராக வண்டியின் பாதைக்குள் வந்து நின்றார்.

பத்து நாளுக்கு முந்தைய லிபியா அப்போது கடலில் இருந்திருப்பாள். இந்த லிபியா கிடங்கில் இருந்தாள். அவர் முதுகு கோட்டைத் தொடும் முன்பே அவள் கால் பெடலை விட்டிருந்தது. பிரேக்கை அடிக்கவில்லை, அழுத்தினாள், பழுத்த மாம்பழத்தை அழுத்திப் பார்க்கிற மாதிரி. வண்டி, சுமை, டம்ளர் எல்லாம் ஒன்றாக, மெதுவாக நின்றன. ஹாரனை ஒரு தரம் அமுக்கினாள்.

எபினேசர் சார் துள்ளி எகிறி, பின்னால் அடுக்கியிருந்த தெர்மாகோல் குவியலுக்குள் மல்லாந்து விழுந்தார். வெள்ளை உருண்டைகள் மேலே பறந்து, கிடங்கு முழுவதும் மெல்ல மெல்ல இறங்கின. கூட்டத்தின் தலையில், கூம்புகளில், சென்னகிருஷ்ணனின் மீசையில்.

ஓசூரில் பனி பெய்தது.

லிபியா வாயைத் திறந்துகொண்டு அதைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். குதிகால் தரையில்தான் இருந்தது. அவள் எங்கேயும் போகவில்லை, பனிதான் வந்திருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் தண்ணீர் ஆடும் என்று, சிரித்து முடியும்வரை வண்டியை நகர்த்தாமல் காத்திருந்தாள். பிறகு கடைசிக் கூம்பைச் சுற்றி வந்து சுமையை இறக்கினாள்.

எட்டு நிமிடம் பத்தொன்பது நொடி.

சென்னகிருஷ்ணன் டம்ளருக்குப் பக்கத்தில் குனிந்தார். விளிம்பில் விரலை வைத்தார். விரல் நனைந்தது. தண்ணீரின்மேல் ஒரே ஒரு தெர்மாகோல் உருண்டை மிதந்தது.

"பத்தொம்போது செகண்டு லேட்டு" என்றார்.

லிபியா பெல்ட்டைக் கழற்றப் போன கையை நிறுத்தினாள்.

"சார், அவரு குறுக்க வந்தாரே சார்!" என்று வினிதா கூட்டத்திலிருந்து கத்தினாள்.

"ஏம்மா, நான் பேசி முடிக்கலாமா?" அவர் தெர்மாகோல் குவியலை நோக்கித் திரும்பினார். "சார், அந்தப் பத்தொம்போது செகண்டு யாருது?"

குவியலுக்குள்ளிருந்து ஒரு கை எழும்பியது. "என்னுதுதான்" என்றது எபினேசர் சாரின் குரல். "நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வீடியோ பதிவாச்சான்னு மட்டும் யாராச்சும் பாருங்க."

"ஆளப் பாத்து நிறுத்தறவங்க வேணும்னுதான் நானும் தேடிக்கினு இருந்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே சென்னகிருஷ்ணன் அட்டையில் ஒரு கோடு இழுத்தார். பெரிய கோடு. "திங்கக்கெழம கெடங்குக்கு வந்துரு. ஆறு மணி. கேட்டுக்கு வெளிய போனா மட்டும் சொல்லிட்டுப் போ."

கிடங்கு அதிர்ந்தது. மூன்றாம் லைனே அவளைத் தூக்கிவிட்டது. எட்சன் வந்து கை குலுக்கினான். "போ, ஓட்டு. அடுத்த தரம் எடம் காலியானா நான் சொம்புத் தண்ணியோட பழகிட்டு வர்றேன்." பிறகு ரகசியமாக, "எனக்குக் காது பின்னால இழுக்குது லிபியா. வேகம் எடுக்கறப்ப. நேத்துதான் கண்டுபிடிச்சேன்" என்றான்.

மாலை ஷிப்டுக்கு வினிதா அங்கேயே தங்கிவிட்டாள். லிபியா தனியாகப் பஸ் ஏறினாள். ஜன்னலோர சீட். தலைமுடியில் இன்னும் மூன்று நான்கு வெள்ளை உருண்டைகள். அம்மா கிருபாராணிக்குப் போன் செய்து சொல்லியாகிவிட்டது, அம்மா அப்பாவிடம் சொல்லி, அப்பா "அது கிரேன் மாதிரியா, டிராக்டர் மாதிரியா?" என்று கேட்டு, யானை மாதிரி என்று அவளும் விளக்கியாகிவிட்டது.

பண்ணைச் சுவர் வந்தது. நீளமான சுவர்.

வலது குதிகால் மெல்ல எழும்பியது.

லிபியா அதைப் பார்த்தாள். பெடல் இல்லை, சுமை இல்லை, வெங்கடம்மாளின் டம்ளர் இல்லை. பஸ்ஸை ஓட்டுவது வேறொருவரின் கால். அது அவர் பாடு. அவள் யோசித்துப் பார்த்து, இடது குதிகாலையும் தூக்கிக்கொண்டாள். செருப்புகளைக் கழற்றி, வழுக்கி ஓடாதபடி பையைத் தூக்கி அவற்றின்மேல் வைத்தாள்.

"போயிட்டு வா" என்றாள்.

கலங்கரை விளக்கத்தின் நூற்று நாற்பத்து ஒன்றாவது படியில் கிளிக்காரன் காத்திருந்தான். சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது.

"மத்திகிரி, மத்திகிரி எறங்கு!" என்று கண்டக்டர் இரண்டு முறை கூவினார். கடைசியில் அவள் தேன்கனிக்கோட்டை பஸ் நிலையத்தில்தான் இறங்கினாள். ஊரைச் சுற்றும் முற்றும் பார்த்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஒரு பொட்டலம் அல்வா வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.